கல்குலஸ் எண்ட சொல்லுக்குள்ள கிடக்கிற கல்லு: இங்கிலிஷ் துறைச்சொல்லின்ர வேரைத் தேடுறது எப்பிடி

போன மாசம் ஒரு பின்னேரம் எங்கட வீட்டு விறாந்தையில நடந்தது இது. அக்காட மகள் ஏ எல் மற்ஸ் படிக்கிறாள், கொப்பியை விரிச்சு வச்சு நுண்கணிதக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள், அதே மேசையில அப்பாட ஸ்கான் ரிப்போட் கிடந்தது, அண்டைக்குக் காலமைதான் எடுத்துக்கொண்டு வந்தனாங்கள். இடப்பக்கச் சிறுநீரகத்தில 6 மில்லிமீற்றரில ஒரு கல்லு எண்டு டொக்ரர் வாயால சொன்னவர், ஆனா பேப்பரில கல்லு எண்டு இல்லை, ரீனல் கல்குலஸ் எண்டு இருந்தது. பிள்ளை அதைப் பாத்திட்டு பேனையைக் கீழ வச்சாள். “மாமா, நான் படிக்கிறதும் கல்குலஸ், அம்மப்பாட கிட்னிக்குள்ள இருக்கிறதும் கல்குலசோ? ரெண்டும் ஒரே சொல்லோ, இல்லாட்டி எழுத்து மட்டும்தான் ஒண்டோ?”

அண்டிரவு நாங்கள் ரெண்டு பேரும் இருந்து தேடினம், ஒரு மணித்தியாலத்துக்குள்ள விசயம் பிடிபட்டிட்டுது. காசு குடுத்து ஒண்டும் வாங்கேல்ல, ஒரு போனும் ஒரு கொப்பியும்தான். லத்தீன் படிச்சிருக்கத் தேவையில்லை, எங்கட தமிழ் இலக்கணம் ஓ எல் அளவுக்கு ஞாபகம் இருந்தாலே காணும், ஏன் எண்டு பிறகு சொல்லுறன். ஆனா ஒழுங்கு ஒண்டு இருக்கு, அதை விட்டிட்டு நேர கூகிளில போட்டு முதல் வந்ததை நம்பினா பிழைச்சுப்போம். அந்த ஒழுங்கைத்தான் இஞ்ச எழுதுறன், பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆக்களுக்கும், மொழிபெயர்க்கிற ஆக்களுக்கும், சும்மா ஒரு சொல்லைப் பாத்து இது எங்கால வந்தது எண்டு யோசிக்கிற ஆக்களுக்கும் உதவும்.

தேடத் தொடங்க முதல் கொப்பியில சொல்லை எழுதுங்கோ, அதுக்குப் பக்கத்தில அதை எங்க கண்டனீங்கள், அங்க அதுக்கு என்ன கருத்து எண்டும் எழுதுங்கோ. இது சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனா இதை விட்டாத்தான் பிறகு குழம்பும், ஏனெண்டா ஒரே சொல்லு மருத்துவத்தில ஒரு கருத்து, கணிதத்தில வேறொரு கருத்து, வீட்டில கதைக்கேக்க இன்னொரு கருத்து. நாங்கள் கல்குலஸ் எண்டு எழுதி, கணிதத்தில மாறுவீதம் பாக்கிற முறை, ஸ்கானில சிறுநீரகக் கல்லு எண்டு ரெண்டு வரி போட்டம். அப்பதான் எனக்கு மூண்டாவது ஒண்டு ஞாபகம் வந்தது, பல்லுத் துப்புரவாக்கப் போனா பல்லில படிஞ்சு இறுகின காரையையும் பல் டொக்ரர் கல்குலஸ் எண்டுதான் சொல்லுவார். மூண்டு வரி. மூண்டுக்கும் பொதுவா என்ன இருக்கு எண்டு தேட முதலே ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ, ரெண்டு கல்லு மாதிரியான சாமான், ஒரு கணக்கு. கல்லுக்கும் கணக்குக்கும் என்ன தொடர்பு எண்டதுதான் இப்ப கேள்வி.

இனி டிக்ஷனரி. ஒண்டோட நிக்காதேங்கோ, குறைஞ்சது ரெண்டு பாக்கோணும். ஓசியில கிடைக்கிறதில எட்டிமொன்லைன் எண்ட சொற்பிறப்பு அகராதி தொடங்கிறதுக்கு நல்லம், ஒரு சொல்லு எந்த நூற்றாண்டில இங்கிலிஷுக்குள்ள வந்தது, அதுக்கு முதல் பிரெஞ்சில என்ன, லத்தீனில என்ன எண்டு ஒரே பந்தியில தரும். மெரியம் வெப்ஸ்டரில கீழ போனா முதல் எப்ப பாவிச்சவை எண்டு ஆண்டு போட்டிருக்கும். விக்‌ஷனரியில ஒரு சொல்லில இருந்து அதின்ர தாய்ச்சொல்லுக்கு அமத்தி அமத்தி மேல போகலாம், அது வசதி, ஆனா ஆரும் எழுதலாம் எண்டபடியா அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. எல்லாத்துக்கும் பெரியது ஒக்ஸ்போர்ட் இங்கிலிஷ் டிக்ஷனரி, 1884-ல முதல் பகுதி வெளிவந்து 1928-லதான் முதல் பதிப்பு முடிஞ்சது, ஒவ்வொரு கருத்துக்கும் ஆண்டோட மேற்கோள் வசனம் இருக்கும், இன்ரநெற்றில காசு கட்டித்தான் முழுக்கப் பாக்கலாம், ஆனா கம்பஸில படிக்கிற பிள்ளையள் இருந்தா தங்கட நூலகத்துக்குள்ளால கிடைக்குமோ எண்டு கேட்டுப் பாக்கச் சொல்லுங்கோ.

டிக்ஷனரியில சொற்பிறப்புப் பகுதி சதுர அடைப்புக்குள்ள சுருக்கெழுத்தா இருக்கும், கனபேர் அதைப் பாத்தவுடன விட்டிடுவினம். பயப்பட ஒண்டும் இல்லை. எல் எண்டு தனி எழுத்து நிண்டா லத்தீன், ஜியும் கேயும் சேந்து நிண்டா கிரேக்கம், ஓவும் எஃப்பும் நிண்டா பழைய பிரெஞ்சு. டிம் எண்டு இருந்தா சிறுமை காட்டுற சொல்லு, அதாவது குட்டி, சின்ன எண்ட கருத்து. இடப்பக்கம் பாத்த அம்புக்குறி மாதிரி ஒரு அடையாளம் நிண்டா, வலப்பக்கம் இருக்கிறதில இருந்து இடப்பக்கம் இருக்கிறது வந்தது எண்டு அர்த்தம். சொல்லுக்கு முன்னால ஒரு நட்சத்திரக் குறி நிண்டா மட்டும் கவனம், அந்தச் சொல்லு ஒரு ஏட்டிலயும் கல்வெட்டிலயும் எழுதிக் கிடைச்சதில்லை, அறிஞர்மார் மற்ற மொழியளை ஒப்பிட்டுப் பாத்து இப்பிடி இருந்திருக்கோணும் எண்டு கட்டினது.

கல்குலஸ் எண்டு போட்டவுடன இங்கிலிஷ் டிக்ஷனரி எங்களை லத்தீனுக்கு அனுப்பிச்சுது. அங்க நிண்டிடாதேங்கோ, லத்தீன் டிக்ஷனரிக்குள்ள கட்டாயம் போகோணும், உண்மையான புதையல் அங்கதான் கிடக்கு. 1879-ல வந்த லூயிஸ் ஷோர்ட் எண்ட பெரிய லத்தீன் அகராதி பேர்சியஸ் எண்ட வெப்சைட்டில முழுசா இருக்கு, சிக்காகோ பல்கலைக்கழகத்தின்ர லோகியோனிலயும் பாக்கலாம், போனுக்கு அப்பும் இருக்கு. கருத்தெல்லாம் இங்கிலிஷிலதான் எழுதியிருக்கும், அதாலதான் லத்தீன் தெரியத் தேவையில்லை எண்டு சொன்னனான்.

கல்குலுஸ் எண்ட அந்தப் பதிவைப் பிள்ளை வாய்விட்டு வாசிச்சாள், நான் எழுதினன். முதல் கருத்து சின்னக் கல்லு, கூழாங்கல்லு. அடுத்தது சிறுநீர்ப்பையிலயும் சிறுநீரகத்திலயும் வாற கல்லு. அதுக்குப் பிறகு பலகையில வச்சு விளையாடுற காய். பிறகு கணக்குப் பலகையில வச்சு எண்ணுற கல்லு, அதால கணக்குப் பாக்கிறது எண்டே ஒரு கருத்து. அதுக்கும் பிறகு வாக்குப் போடுற கல்லு, வெள்ளைக் கல்லுப் போட்டா விடுதலை, கறுப்புப் போட்டாக் குற்றவாளி. பாருங்கோ, ஸ்கான் ரிப்போட்டில இருக்கிறதும் கணக்குக் கொப்பியில இருக்கிறதும் ரெண்டாயிரம் வருசத்துக்கு முதலே ஒரே சொல்லுக்குள்ள பக்கத்தில பக்கத்தில இருந்திருக்கு. 1-ம் நூற்றாண்டில செல்சுஸ் எண்ட ரோமன் எழுத்தாளர் சிறுநீர்ப்பைக் கல்லை வெட்டி எடுக்கிற விதத்தை எழுதி வச்சவர். அதே காலத்தில ரோமில கடைக்காரர் பலகையில கல்லை நகத்தி நகத்திக் கூட்டிக் கழிச்சவை. நாங்கள் சின்னனில கொக்கான் வெட்டினது மாதிரி ஒரு கைப்பிடி சின்னக் கல்லு, அதுதான் கல்குலுஸ். எண்ணுறதுக்கு அந்தக் கல்லைப் பாவிச்சபடியாத்தான் கல்குலேட் எண்டா கணக்குப் பாக்கிறது, கல்குலேற்றர் எண்டா கணக்குப் பாக்கிற சாமான்.

அதே பதிவில இன்னொரு விசயம் எழுதியிருக்கும், இது எந்தச் சொல்லின்ர சிறுமை வடிவம் எண்டு. கல்க்ஸ் எண்ட சொல்லு, சுண்ணாம்புக்கல்லு. இஞ்சதான் தமிழ் இலக்கணம் உதவிக்கு வருது. லத்தீன் டிக்ஷனரியில ஒரு பெயர்ச்சொல்லுக்கு எப்பவும் ரெண்டு வடிவம் போடுவினம், கல்க்ஸ், கல்கிஸ் எண்டு. ரெண்டாவது உடைமை வடிவம், கல்லின்ர எண்ட மாதிரி. எங்களுக்கு மரம் எண்டா மரத்தை, மரத்தின்ர, மரத்தில எண்டு வரேக்க நடுவில ஒரு த்து வருதெல்லோ, வீடு வீட்டை எண்டு மாறுதெல்லோ, அதே மாதிரித்தான். மரம் எண்ட எழுவாய் வடிவத்தை மட்டும் பாத்தா மரத்தடிக்குள்ள அந்தத் த்து எங்கால வந்தது எண்டு விளங்காது. லத்தீனிலயும் எழுவாய் வடிவத்தை விட்டிட்டு அந்த ரெண்டாவது வடிவத்தைப் பாத்து, கடைசி விகுதியை வெட்டினா மிஞ்சுறதுதான் அடி. கல்கிஸில இருந்து இஸ்ஸை வெட்டினா கல்க். இங்கிலிஷ் துறைச்சொல்லுகள் கனக்க இந்த அடியில இருந்துதான் வந்தது. கல்சியம் அப்பிடி வந்ததுதான், 1808-ல ஹம்ப்ரி டேவி எண்ட இங்கிலாந்து இரசாயனவியலாளர் சுண்ணாம்பில இருந்து அந்த உலோகத்தைப் பிரிச்சு எடுத்து அந்தப் பேரை வச்சவர். பள்ளிக்கூடத்தில கரும்பலகையில எழுதுற சோக்கும் கல்க்ஸில இருந்து வந்த சொல்லுதான். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க நிக்கிறது சுண்ணாம்புக்கல்லுக்கு மேல, எங்கட கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சா கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது கல்சியம் காபனேற்று, அப்ப இந்தச் சொல்லுக் குடும்பம் எங்கட அடுப்படியிலயே இருக்கு எண்டு பிள்ளைக்குச் சொன்னன், அவள் உடன எழும்பிப் போய்க் கேத்திலைத் திறந்து பாத்தாள்.

வினைச்சொல்லுக்கு டிக்ஷனரியில நாலு வடிவம் போடுவினம், நாலையும் எழுதி எடுக்கோணும். எங்கட வா எண்ட சொல்லு வந்தான், வருவான் எண்டு மாறுற மாதிரி அங்கயும் அடி மாறும். தூக்கிறது, கொண்டு போறது எண்ட கருத்தில பெர்ரே எண்டு ஒரு வினை இருக்கு, அதின்ர நாலாவது வடிவம் லாத்தும், முதல் எழுத்துக்கூட ஒண்டில்லை. ட்ரான்ஸ்பர் எண்ட சொல்லு முதல் வடிவத்தில இருந்து வந்தது, ட்ரான்ஸ்லேட் நாலாவதில இருந்து வந்தது, ரெண்டும் இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கம் கொண்டு போறதுதான். முதல் வடிவத்தை மட்டும் பாத்திட்டு விட்டா இந்த ரெண்டும் ஒரு வேர் எண்டு ஒரு நாளும் கண்டுபிடிக்கேலாது.

இதில ஒரு குழி இருக்கு, மெடிசின் படிக்கிற பிள்ளையள் விழுற குழி. லத்தீன் டிக்ஷனரியில கல்க்ஸ் எண்டு ரெண்டு பதிவு இருக்கு, 1, 2 எண்டு இலக்கம் போட்டிருக்கும். ரெண்டாவதுதான் எங்கட சுண்ணாம்புக்கல்லு. முதலாவது குதிக்கால். ரெண்டுக்கும் உடைமை வடிவமும் ஒண்டுதான், எழுத்தில ஒரு வித்தியாசமும் இல்லை. குதிக்கால் எலும்புக்குக் கல்கேனியஸ் எண்டு பேர், அதைப் பாத்திட்டு எலும்பில கல்சியம் இருக்கிறபடியாத்தான் இந்தப் பேர் எண்டு ஒரு பொடியன் எனக்கு அடிச்சுச் சொன்னவன், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பிழை, அது முதலாவது கல்க்ஸ், குதிக்காலே. தமிழிலயும் ஆறு எண்டா ஓடுற ஆறும் இருக்கு, எண்ணுற ஆறும் இருக்குத்தானே. அதால டிக்ஷனரியில ஒரே எழுத்தில எத்தினை பதிவு இருக்கு எண்டு எண்ணிப் பாத்திட்டு, உங்கட சொல்லு எந்த இலக்கத்துக்குக் கீழ வருது எண்டு உறுதிப்படுத்துங்கோ. சில இடத்தில அறிஞர்மாருக்கே ரெண்டு அபிப்பிராயம். எங்கட பண்ணைப் பாலத்தை இங்கிலிஷில கோஸ்வே எண்டு சொல்லுவினம், அந்தச் சொல்லு சுண்ணாம்புக்கல்லுப் போட்ட பாதையோ, குதிக்காலால மிதிச்சு இறுக்கின பாதையோ எண்டு டிக்ஷனரியள் ரெண்டு பக்கமா நிக்குது. அப்பிடியெண்டா ரெண்டையும் எழுதி வையுங்கோ, எங்களுக்குப் பிடிச்ச பக்கத்தைத் தெரிவு செய்யிறது எங்கட வேலையில்லை.

சொல்லை வெட்டிப் பாக்கிறது அடுத்த வேலை. கல்குலுஸை வெட்டினா கல்க், உலுஸ். உலுஸ் குட்டி எண்ட விகுதி. வெட்டினது சரியோ எண்டு எப்பிடித் தெரியும்? அதே துண்டு வேற சொல்லிலயும் அதே கருத்தோட வருதோ எண்டு பாருங்கோ, குறைஞ்சது ரெண்டு சாட்சி வேணும். மஸ்கிள் எண்ட தசைக்கு லத்தீன் முஸ்குலுஸ், முஸ் எண்டா எலி, அப்ப குட்டி எலி, புயத்தை மடக்கேக்க தோலுக்குக் கீழ ஓடுற மாதிரித் தெரியிறதைப் பாத்து வச்ச பேர் எண்டு சொல்லுவினம். கிளவிக்கிள் எண்ட காறை எலும்பு குட்டித் திறப்பு. கப்சூல் குட்டிப் பெட்டி. மொலிக்கியூல் எண்ட மூலக்கூறு குட்டித் திணிவு. உயிரியல் புத்தகத்தை எடுத்து உல், குல் எண்டு முடியிற சொல்லுகளுக்குக் கீழ கோடு போட்டுப் பாருங்கோ, அந்த விகுதி அங்க எத்தினை தரம் வருது எண்டு உங்களுக்கே தெரியும்.

வெட்டேக்க உயிரெழுத்து மாறும், அதுக்கு ஆயத்தமா இருக்கோணும். லத்தீனில ஒரு வினைக்கு முன்னொட்டுச் சேந்தா நடுவில இருக்கிற உயிர் சுருங்கும். கைதேரே எண்டா வெட்டுறது. அதில இருந்து வந்த கைமெந்தும், வெட்டின கரட்டுக்கல்லு, அதுதான் எங்கட சீமெந்து. அதே வினை கூட்டுக்குள்ள போனா சிசன், சைட் எண்டு மாறிடும், இன்சிசர் எண்டா வெட்டும் பல்லு, தோட்டத்துக்கு அடிக்கிற பெஸ்ரிசைட்டின்ர வாலும் அதுதான். சீமெந்தும் பூச்சிமருந்தும் ஒரு வேரில வந்தது எண்டு வெளியால பாத்தா ஆரும் சொல்லேலாது.

பிறகு ஆண்டு. ஒரு சொல்லு லத்தீனில இருந்தது எண்டதுக்காக இப்ப இருக்கிற கருத்து அப்பவே இருந்தது எண்டு இல்லை. ரோமர் நுண்கணிதம் செய்யேல்ல. 1684-ல லைப்னிட்ஸ் எண்ட ஜேர்மன் கணித அறிஞர் தன்ர புது முறையை லத்தீனில எழுதி வெளியிடேக்க, தலைப்பிலயே அதை ஒரு வகைக் கல்குலுஸ் எண்டுதான் சொன்னவர், அதாவது ஒரு வகைக் கணக்கிடல். அப்பிடித்தான் அந்தச் சொல்லு இந்தத் துறைக்கு ஒட்டினது. அதால கொப்பியில ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில ஒரு நூற்றாண்டாவது எழுதுங்கோ, இல்லாட்டிப் பழைய கருத்தையும் புதுக் கருத்தையும் கலந்து போடுவியள்.

இனி நான் கன நாளா எழுத நினைச்ச இடம். கல்க்ஸ் எண்டா கல்லு, கல்குலஸ் எண்டா கல்லு எண்டு சொன்னவுடன உங்கட மனசு எங்க போனது எண்டு எனக்குத் தெரியும். தமிழில கல், அங்க கல்க்ஸ், அப்ப எங்கட சொல்லைத்தான் கொண்டு போயிருக்கினம் எண்டு. பிள்ளையும் அதைத்தான் துள்ளிக்கொண்டு சொன்னாள். எனக்கும் தமிழில ஆசைதான், ஆசை இருக்கிறபடியாத்தான் இதில பிழை விடக் கூடாது எண்டு நினைக்கிறன். ஒலி ஒத்துப்போறது சாட்சி இல்லை. அதுக்கு ஒரு சோதனை இருக்கு: ரெண்டு சொல்லையும் பழைய காலத்துக்குக் கொண்டு போங்கோ, போகப் போகக் கிட்ட வருதோ, தூரப் போகுதோ எண்டு பாருங்கோ.

எட்டுக்கும் எய்ட்டுக்கும் போட்டுப் பாப்பம், கனபேர் ரெண்டும் ஒண்டு எண்டு சொல்லுறவை. இங்கிலிஷ் எய்ட் ஜேர்மனில ஆஃக்ட், லத்தீனில ஒக்தோ, சமஸ்கிருதத்தில அஷ்ட, எங்கட கலண்டரில வாற அட்டமி; இந்த மொழியளெல்லாம் கிரேக்கத்தோட ஒரே மொழிக் குடும்பம், தமிழ் வேற குடும்பம். தமிழ் எட்டைப் பின்னுக்குக் கொண்டு போனா எண்பது, எண்ணூறு, எண்திசை, அடி எண் எண்டு தெரியுது. இப்ப ஒரு பக்கம் ஒக்தோ, மற்றப் பக்கம் எண். பின்னுக்குப் போகப் போகத் தூரம் கூடுது, அப்ப இண்டைக்கு ஒத்துப்போறது தற்செயல். கல்லுக்கும் அப்பிடித்தான். லத்தீன் அடி கல்க், கடைசியில ஒரு க் இருக்கு. லத்தீன் அதைக் கிரேக்கத்தில இருந்து எடுத்திருக்கும் எண்டு டிக்ஷனரியள் சொல்லுது, கிரேக்கத்தில காலிக்ஸ், சரளைக்கல்லு, அங்கயும் அந்த க் இருக்கு. தமிழில கல், மலையாளத்திலயும் கன்னடத்திலயும் கல்லு, ஒண்டிலயும் அந்த க் இல்லை. நடுவில ஒரு மொழிக்குள்ளால போன தடயமும் இல்லை. அதால ரெண்டையும் சேக்கேலாது. பிள்ளைக்கு முகம் வாடிப்போச்சு, ஆனா அடுத்ததைக் காட்டினவுடன வெளிச்சிட்டுது.

அடுத்தது வைரஸ். லத்தீனில வீருஸ், நஞ்சு, வழுவழுப்பான நீர். விஷம் எண்ட சொல்லோட வச்சுப் பாத்தா ஒலியில பெரிசா ஒத்துப்போகேல்ல, ஒருத்தரும் ரெண்டையும் சேக்க நினைக்கமாட்டினம். ஆனா பின்னுக்குப் போனாக் கிட்ட வரும். லத்தீனில ஒரு விதி இருக்கு, ரெண்டு உயிருக்கு நடுவில நிண்ட பழைய ச எல்லாம் ர ஆயிட்டுது. அதாலதான் கெனுஸ் எண்ட பேரினச் சொல்லு உடைமை வடிவத்தில கெனெரிஸ், ஜெனரல் எண்டதில ர வருது, ஒபுஸ் எண்ட வேலை ஒபெரிஸ் ஆகி ஒப்பரேசன் எண்டு வருது. அந்த விதியைத் திருப்பிப் போட்டா வீருசுக்குள்ள இருக்கிற ர முதல் ச. இப்ப வீச, சமஸ்கிருதத்தில விஷ. கிரேக்கத்தில அதே சொல்லு தலை எழுத்தை இழந்து இயோஸ் எண்டு நிக்குது, அதுக்கும் நஞ்சு எண்டுதான் கருத்து. இந்த மாதிரி விதி எங்கட திராவிட மொழிக் குடும்பத்திலயும் இருக்கு, தமிழ்ப் பகரம் கன்னடத்தில ஹகரம், பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஒரு சொல்லில மட்டும் இல்லை, வரிசையா எல்லாத்திலயும் வருது, அதுதான் விதி எண்டுறது. ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு விதி சொன்னா அது விதியில்லை, சாட்டு.

ஆனா இதிலயும் ஒண்டைச் சொல்லோணும், விஷம் தமிழ் சமஸ்கிருதத்தில இருந்து எடுத்தது, பழைய நூலுகளில விடம் எண்டு எழுதுவினம், எங்கட சொந்தச் சொல்லு நஞ்சு. அப்ப வைரஸ் விஷத்தின்ர தூரத்துச் சொந்தம், நஞ்சின்ர சொந்தம் இல்லை. ஆண்டையும் விட்டிடாதேங்கோ: இங்கிலிஷில 14-ம் நூற்றாண்டு முடியிற காலத்திலயே வைரஸ் எண்ட சொல்லு இருந்தது, சீழ், நஞ்சு எண்ட கருத்தில. 1898-ல பெய்ஜரிங் எண்ட டச்சு ஆய்வாளர் புகையிலை இலையில வாற ஒரு நோயை ஆராயேக்க, பக்ரீரியாவைப் பிடிக்கிற வடிக்கும் தாண்டி வாற அந்தத் தொற்றுக்கு வைரஸ் எண்டு சொன்னவர், எங்கட தோட்டக்காரர் இலை தேமல் விழுந்து சுருளுறதைப் பாத்து அந்தரப்படுற அதே பயிர்தான் அந்தப் புகையிலை. கொம்பியூட்டர் வைரஸ் எண்டது 1984-ல பிரெட் கோஹன் தன்ர ஆய்வில பாவிச்சு நிலைச்சது.

தமிழில இருந்து உண்மையாப் போன சொல்லும் இருக்கு, அதுக்குத் தடயமும் இருக்கு. இஞ்சிக்குத் தாவரவியல் பேர் சின்ஜிபர் ஒபிசினாலே. சின்ஜிபர் லத்தீன், அதுக்கு முதல் கிரேக்கம் சிங்கிபெரிஸ், அதுக்கு முதல் பாளியில சிங்கிவேர, அதுக்குப் பின்னால இஞ்சியும் வேரும். சமஸ்கிருதத்தில அதைச் சிருங்கவேர எண்டு மாத்தி, கொம்பு மாதிரி உடம்பு எண்டு கருத்துச் சொன்னவை, அது பிறகு பொருத்தின விளக்கம். வியாபாரம் போன வழியில ஒவ்வொரு படியும் எழுத்தில இருக்கு, அதாலதான் நம்பலாம். கட்டுமரம் கற்றமரான் ஆனதும், எங்கட சுருட்டு இங்கிலிஷில செரூட் ஆனதும் அப்பிடித்தான். தமிழ்ப் பக்கத்தைச் சரிபாக்க பரோவும் எமனோவும் செய்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, 1984-ல ரெண்டாம் பதிப்பு வந்தது, அதுவும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கனும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின்ர வெப்சைட்டில ஓசியாத் தேடிப் பாக்கலாம்.

எங்க நிப்பாட்டுறது எண்டதும் தெரியோணும். நட்சத்திரக் குறி போட்ட சொல்லு வந்தவுடன, இதுக்குப் பிறகு வாறது ஊகம் எண்டு ஒரு கோடு போட்டு எழுதுங்கோ. மூலம் தெரியாது எண்டு டிக்ஷனரி எழுதியிருந்தா அதையே எழுதுங்கோ, அந்த இடத்தை எங்கட கற்பனையால நிரப்பக் கூடாது.

மொழிபெயர்க்கிற ஆக்களுக்கு ஒரு வார்த்தை. 1847-ல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்ரர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழிலயே படிப்பிச்சு, புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர், அப்ப ஒவ்வொரு துறைச்சொல்லுக்கும் என்ன பேர் வைக்கிறது எண்ட கேள்வி எங்கட ஊரில கேட்ட பழைய கேள்வி. வேரைத் தெரிஞ்சா பேர் வைக்கேக்க தெளிவு வரும், ஆனா வேரை அப்பிடியே மொழிபெயர்க்க வேணும் எண்டு இல்லை. மஸ்கிளைக் குட்டி எலி எண்டு சொன்னா ஆருக்கு விளங்கும், தசைதான் சரி. சில இடத்தில வேரின்ர படம் தமிழிலயும் வடிவா நிக்கும், இன்பிளேசன் எண்டா லத்தீனில ஊதி வீங்கிறது, நாங்கள் பணவீக்கம் எண்டு வச்சிருக்கிறம்.

இப்ப நீங்களே ஒண்டைச் செய்து பாருங்கோ, வேலிக்குப் பக்கத்தில நிக்கிற பனையில தொடங்கலாம். 1753-ல லின்னேயஸ் எண்ட சுவீடன் தாவரவியலாளர் வச்ச பேர் பொராசஸ் பிளபெலிபர். கடைசிச் சொல்லை எடுத்து வெட்டுங்கோ. பெர் எண்ட பின்பகுதிக்கு மேல சொன்ன பெர்ரே, தூக்கிறது. முன்பகுதி பிளபெல்லும், லத்தீன் டிக்ஷனரியில போட்டா விசிறி எண்டு வரும், சிறுமை விகுதி இருக்கும், அதுக்கு மேல போனா பிளாரே எண்ட வினை, ஊதுறது. விசிறி தூக்கி நிக்கிற மரம். அந்த ஊதுறதுதான் இன்பிளேசனுக்குள்ளயும் கிடக்கு. பெர்ரேயைப் பின்னுக்குக் கொண்டு போனா சமஸ்கிருதத்தில ப்ர் எண்ட வினையோட சேரும், அதில இருந்து தமிழ் எடுத்த சொல்லுத்தான் பாரம். பல்மைரா எண்ட இங்கிலிஷ் பேரை மட்டும் தனியாத் தேடுங்கோ, அதைப் பாத்தவுடன கனபேர் சிரியாவில இருக்கிற பழைய நகரத்தோட சேத்துப் போடுவினம், ஆனா அது போர்த்துக்கீசரின்ர பல்மெய்ரா, அதுக்கு முதல் லத்தீன் பல்மா, உள்ளங்கை. நாங்கள் கல்குலசை முடிச்ச அடுத்த நாள் பிள்ளை தன்ர கொப்பியில இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரு ஓலையை வெட்டி விரிச்சு, அதுக்கு மேல தன்ர கையை வச்சுப் பாத்தாள், விரலும் ஓலையும் ஒரே பக்கமா விரிஞ்சு கிடந்தது.